பிளேடா, கேவிட்டியா? ஒரு சென்னை ஆட்டக்காரரின் பதினாறு மாதங்கள்

இந்தப் பதிவில் வருகிறவர்கள் மூன்று பேர். வாரம் இரண்டு நாள் கோல்ஃப் ஆடும் ஒரு கிளப் உறுப்பினர், அவருடைய பையைச் சுமந்து கூடவே நடக்கும் கேடி, கோல்ஃப் மட்டைகளை, அதாவது கிளப்புகளை, அளந்து பொருத்தித் தரும் வேலையில் இருக்கும் நான். மற்ற இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களையும் மைதானத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். எண்கள் என் குறிப்பேட்டிலும் கேடியின் ஸ்கோர் கார்டுகளிலும் இருந்தவை. ஒரே ஒருவரின் ஆட்டத்திலிருந்து வந்தவை என்பதை மனதில் வைத்துப் படிக்கவும்.

பின்னணி

ஆட்டக்காரருக்கு 47 வயது. இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழில். முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் கோல்ஃப் பழகினார். என்னிடம் வந்த செப்டம்பர் மாதத்தில் அவருடைய ஹேண்டிகேப் இண்டெக்ஸ், அதாவது ஆட்டத் திறனைச் சொல்லும் எண், 13.8. குறையக் குறைய நல்லது. முதல் நீள அடிக்கான டிரைவர் கிளப்பில் பெரிய குறையில்லை, பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டிங் சுமார். அயர்ன் எனப்படும் எண்ணிட்ட உலோகக் கிளப்புகளால் அடிக்கும் ஷாட்கள்தான் அவரை அலைக்கழித்தன. அயர்னில் எண் சிறியதானால் தூரம் கூடும்.

பையில் இருந்தவை பிளேடு அயர்ன்கள். 2000-களின் தொடக்கத்தில் ஜப்பானில் கார்பன் ஸ்டீலை அடித்துச் செய்த செட், 3 முதல் குறுந்தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் வரை எட்டு. பழையதாக வாங்கியவர். ஏன் பிளேடு என்று கேட்டபோது இரண்டு காரணம் சொன்னார். ஒன்று தொழில் சார்ந்தது: "நான் ஸ்டீலோட புழங்குறவன். ஃபோர்ஜ் பண்ண பீஸைக் கையில எடுத்தாலே தெரியும்." இரண்டாவது காரணம் அவருடைய கேடி.

கேடிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆட்டக்காரர் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார், அவர் இவரை சார் என்பார். திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு விடுமுறை. அன்று மைதானத்தில் கேடிகள் ஆடுவார்கள். அந்த ஆட்டங்களில் இந்த மனிதர் எழுபத்தைந்து அடியை ஒட்டி முடிப்பவர். அவர் பையிலும் பழைய பிளேடுகள்தான், நான்கு வெவ்வேறு செட்டிலிருந்து சேர்ந்தவை. "அண்ணன் பிளேடுல ஆடலாம், நான் ஆடக்கூடாதா?" என்பது ஆட்டக்காரரின் வாதம். இதைக் கேடியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "நான் எங்க சார் எடுத்தேன்? மெம்பருங்க வேணாம்னு குடுத்தது அது" என்றார்.

நம் ஊர்களில் கேடியாக இருந்து தொழில்முறை ஆட்டக்காரரானவர்கள் பலர். 2009-இல் இந்தியன் ஓப்பனை வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். இப்படிப்பட்டவர்களின் முதல் கிளப் பெரும்பாலும் யாரோ கழித்துக் கொடுத்ததாக இருக்கும். கிடைத்ததை வைத்துப் பத்தாயிரக்கணக்கில் பந்தடித்துக் கை பழகிய ஒருவரைப் பார்த்து, கையில் காசுள்ள ஒருவர் கிளப்பைத் தேர்ந்தெடுப்பது அன்றைக்கே எனக்குச் சற்று நெருடியது. ஆனால் சொல்லவில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பிளேடு என்பது ஒரே கட்டியான தலை. பின்பக்கம் வழவழப்பாக, எடை முழுவதும் நடுவைச் சுற்றி இருக்கும். நடுவில் பட்டால் பந்து போவதே தெரியாது, கையில் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு விரல் தள்ளிப் பட்டால் தலை கையில் முறுக்கிக்கொள்ளும், பந்து குறையும். கேவிட்டி பேக்கில் பின்பக்கத்தைக் குடைந்து, அந்த எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். ஓரத்தில் எடை இருப்பதால் தலை சுலபத்தில் முறுக்காது. ஈர்ப்பு மையமும் சற்றுக் கீழே இறங்கும் என்பதால் முகத்தின் அடிப்பகுதியில் பட்ட பந்தும் ஓரளவு எழும்பும்.

இந்த யோசனையைப் பரவலாக்கியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். தன்னுடைய பட்டிங் சரியில்லை என்று 1959-இல் வீட்டு கராஜில் பட்டிங்குக்கான கிளப் ஒன்றைச் செய்து, அதில் எடையை இரு முனைகளுக்கும் தள்ளினார். அப்படித் தொடங்கியதுதான் பிங் நிறுவனம். அதே கணக்கைப் பிறகு அயர்ன்களுக்கும் கொண்டுவந்தார். 1982-இல் வந்த பிங் ஐ2-வைப் பழைய உறுப்பினர்களின் பைகளில் இன்றும் பார்க்கலாம்.

இதோடு நின்றிருந்தால் தேர்வு எளிது. ஆனால் இன்றைய கேவிட்டி பேக்கில் குடைவு மட்டும் மாறுவதில்லை. அடிப்பாகம் அகலமாகிறது, லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, நிமிர்கிறது, ஷாஃப்ட், அதாவது தண்டு, இலேசாகிறது. இந்த ஆய்வின் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர், அக்டோபர்: கவனித்தவை

முதலில் கேடியிடம் ஒரு வேலை கொடுத்தோம். பத்து ஆட்டங்களுக்கு, 5 அயர்ன் முதல் 9 வரை, குழி இருக்கும் புல்பரப்பான கிரீனை நோக்கி அடித்த ஒவ்வொரு ஷாட்டையும் ஸ்கோர் கார்டின் பின்பக்கம் குறிக்க வேண்டும். குறையா, கூடவா, இடமா, வலமா, எந்த ஹோல் என்று ஒரு சின்னக் கோடு, ஒரு எண். அவர் ஒன்றுகூட விடவில்லை.

மொத்தம் 87 ஷாட்கள். அவற்றில் 49 குறைவாக விழுந்தவை. அந்த 49-இல் 31 குறைவும் வலமும் சேர்ந்தவை. கிரீனுக்கு முன்னால் வலப்பக்கம் பங்கர் உள்ள ஹோல்களில் அவர் எத்தனை முறை மணலில் நின்றிருப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, பந்தடித்துப் பழகும் இடமான ரேஞ்சில் 7 அயர்ன் முகத்தில் டால்கம் பவுடர் தடவி முப்பது பந்து அடிக்கச் சொன்னேன். பவுடரில் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குள் பட்டவை 9. டோ பக்கம், அதாவது தலையின் நுனிப் பக்கம் பட்டவை 17. ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் பக்கம் 4.

பந்தின் பறப்பை அளக்கும் லாஞ்ச் மானிட்டரில், நடுவில் பட்ட பந்து 148 யார்டு பறந்தது. டோவில் பட்டவை 130-க்கும் 137-க்கும் இடையில். முப்பதுக்கும் சராசரி 139. மைதானத்தில் 148 யார்டு இருந்தால் அவர் 7 அயர்னைத்தான் எடுப்பார். தன்னுடைய மிகச் சிறந்த அடியைத் தன் வழக்கமான அடி என்று எண்ணிக்கொண்டிருந்தார். இந்த வியாதி இல்லாத ஆட்டக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இங்கே இரண்டு பிழைகள் என்னுடையவை. ஒன்று, எல்லாப் பந்தையும் செயற்கைப் புல் விரிப்பில், அதாவது மேட்டில் (mat) வைத்து அடிக்கவைத்தேன். இரண்டு, கேடி ஹோல் எண்ணை எழுதியிருந்தும் அதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

டிசம்பர்: முதல் முடிவு

டோ அடியைச் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. பயிற்சியாளரிடம் போய் ஸ்விங்கை மாற்றுவது ஒன்று. அவருக்கு அதற்குப் பொறுமையும் இல்லை, நேரமும் இல்லை. வாரம் இரண்டு ஆட்டம், ரேஞ்சுக்கு மாதம் ஒரு முறை என்பவரிடம் ஸ்விங் மாற்றத்தை நம்பி இருக்க முடியாது என்று நானும் நினைத்தேன். மற்றொன்று, தப்பாகப் பட்டாலும் தாங்கும் கிளப்.

மேட்டில் ஐந்து செட்டை மாற்றி மாற்றி அடித்தார். மிகத் தாராளமான ஒன்று ஜெயித்தது: வார்ப்பில் செய்த 17-4 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பெரிய தலை, அகன்ற அடிப்பாகம், 95 கிராம் ஷாஃப்ட். பழைய ஷாஃப்ட் 130 கிராம். அந்தச் செட்டின் 7 அயர்ன் டோவில் பட்டாலும் 150 போனது, நடுவில் பட்டால் 158. சிதறல் பாதியானது. ஆட்டக்காரர் முகம் மலர்ந்தது. நானும் மறுப்புச் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருந்தது. அந்த 7 அயர்னின் லாஃப்ட் 28.5 டிகிரி. அவருடைய பழைய 7 அயர்ன் 35 டிகிரி. அடியில் 7 என்று பொறித்திருந்தாலும் சாய்வைப் பார்த்தால் அது பழைய செட்டின் 5-க்குப் பக்கத்தில் நிற்கிறது. தூரம் கூடியதற்குக் குடைவு ஒரு சிறு காரணம், லாஃப்ட்தான் பெரிய காரணம். சிதறல் குறைந்ததைக் கேவிட்டியின் கணக்கில் எழுதலாம். தூரத்தையும் அதே கணக்கில் சேர்த்து எழுதியது தவறு.

புதிய செட் டிசம்பர் கடைசியில் வந்தது. பழைய பிளேடுகளை விற்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். அந்த ஒரு ஆலோசனை மட்டும் பின்னால் பயன்பட்டது.

ஜனவரி முதல் மார்ச் வரை

வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு சென்னையில் தரை பஞ்சு மாதிரி இருக்கும். பந்தைத் தொடுவதற்கு ஒரு அங்குலம் முன்பே கிளப் தரையில் பட்டாலும், அதாவது நம் ஆட்கள் டஃப் என்று சொல்லும் ஷாட்டிலும், அகன்ற அடிப்பாகம் மண்ணுக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒல்லியான பிளேடாக இருந்தால் மண்வெட்டி மாதிரி இறங்கி நின்றிருக்கும்.

அந்த மூன்று மாதமும் அவருக்குத் திருவிழா. பிப்ரவரி இறுதியில் இண்டெக்ஸ் 13.1 ஆனது. கடைசி இருபது ஸ்கோர்களில் சிறந்த எட்டின் சராசரி என்பதால் இண்டெக்ஸ் மெல்லத்தான் நகரும். இரண்டு மாதத்தில் 0.7 குறைவது கவனிக்கத்தக்கது. "செவன் அயர்ன் 160 போகுது" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி இரண்டு பேர் அதே மாதிரிச் செட்டை வாங்கினார்கள்.

ஒரே ஒரு குறை. 100 யார்டிலிருந்து 120 வரை அடிக்கக் கையில் கிளப் இல்லை. புதிய பிட்சிங் வெட்ஜ் 43.5 டிகிரி, அவருடைய அடுத்த வெட்ஜ் 52. நடுவில் எட்டரை டிகிரி பள்ளம். அந்த இடைவெளியில் நின்றால் பிட்சிங் வெட்ஜை மென்று விழுங்கி அரை அடியாக அடிப்பார். சில நேரம் வரும்.

ஏப்ரல்

இரண்டாவது வாரத்தில் அழைப்பு வந்தது. "கிரீனைத் தாண்டிப் போகுது. நிக்கவே மாட்டேங்குது."

போய் ஒன்பது ஹோல் கூடவே நடந்தேன். வெயிலில் தரை காய்ந்து, புல் மெலிந்து, சில இடத்தில் மண் தெரிந்தது. அந்தத் தரையில் அகன்ற அடிப்பாகம் வழுக்கவில்லை, துள்ளியது. பந்துக்குக் கொஞ்சம் முன்னால் பட்ட கிளப் தரையில் மோதி எம்பி, முன்விளிம்பு பந்தின் இடுப்பில் போய் இடித்தது. பந்து இடுப்புயரத்தில் அம்பு மாதிரி கிரீனைக் கடந்து போனது. அதே பிழைதான், அதே ஸ்விங்தான். ஜனவரியில் தரை அதை மன்னித்தது, ஏப்ரலில் மன்னிக்கவில்லை.

சரியாகப் பட்டவையும் நிற்கவில்லை. நிமிர்ந்த லாஃப்டில் பந்து தாழப் பறக்கும், பின்சுழற்சியும் குறையும். பழைய 7 அயர்னில் நிமிடத்துக்கு 6,400 சுற்று வரை சுழன்ற பந்து, புதியதில் 4,700-ஐத் தாண்டவில்லை. மழைக்காலக் கிரீனில் அது விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த கிரீனில் குதித்து ஓடிவிடும்.

ஏப்ரலிலும் மே முதல் வாரத்திலும் ஆடிய ஆட்டங்களால் இண்டெக்ஸ் 14.6-க்கு ஏறியது. பிளேடு வைத்திருந்த காலத்தைவிட மோசம். பயிற்சியாளர் ஒருவர் இது ஸ்விங் கோளாறு என்றார். நான் வெயிலையும் களைப்பையும் சந்தேகப்பட்டேன். லாஃப்டைப் பின்னுக்கு வளைத்தால் என்ன என்று ஆட்டக்காரர் கேட்டார். அடித்துச் செய்த மென்மையான கார்பன் ஸ்டீலாக இருந்தால் வளைத்திருப்பேன். 17-4 வார்ப்பு இறுகிய உலோகம். ஒரு டிகிரிக்கு மேல் போனால் கழுத்தில் விரிசல் விடும் அபாயம் உண்டு. தவிர லாஃப்டைக் கூட்டினால் பவுன்ஸும், அதாவது அடிப்பாகம் தரையோடு சேரும் கோணமும், அதே அளவு கூடும், துள்ளல் இன்னும் மோசமாகும்.

மே: ஊட்டி

கோடையில் நண்பர்களோடு ஊட்டிக்குப் போனார். நான்கு நாள், நான்கு ஆட்டம். திரும்பி வந்து தன் கேடியிடம், அங்கே அயர்ன் அற்புதமாகப் போனது என்று சொல்லியிருக்கிறார். ஊட்டி 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் சொன்னது தூரத்தைப் பற்றி அல்ல. பந்து சுத்தமாகப் பட்டது என்றார்.

கேடி அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நடந்திருக்கிறார். பிறகு கேட்டது இது: "அங்க மழையா சார்?"

கோடை மழை இரண்டு நாள் பெய்திருந்தது. தரை மெத்தென்று இருந்தது.

"அப்ப ஸ்விங்கும் இல்ல, வெயிலும் இல்ல சார். தரைதான். இந்தக் கிளப்புக்கு நம்ம ஊரு தரை ஆவாது. ஆறு மாசம் ஆவும், ஆறு மாசம் ஆவாது."

இந்த வாக்கியத்தை ஆட்டக்காரர் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான் ரேஞ்சில் மேட்டின் மேல் நின்றுகொண்டிருந்தேன். மேட்டில் டஃப் ஷாட் தெரியாது. ரப்பரின் மேல் கிளப் வழுக்கிப் பந்தில் போய்ப் படும், திரையில் எண் நன்றாகவே வரும். டிசம்பரில் அந்த அகன்ற அடிப்பாகத்தை ஜெயிக்கவைத்தது மேட்தான்.

ஜூன்: புல்லில் மறுபடி அளந்தது

இந்த முறை ரேஞ்சுக்குப் போகவில்லை. காலை ஆறு மணிக்குப் பயிற்சி ஃபேர்வேயின் காய்ந்த ஓரத்தில் அடித்தார். பந்துக்கு நேராகத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கிளப் பெயர்க்கும் புல்பள்ளமான டிவட் அந்தக் கோட்டுக்கு முன்னால் தொடங்குகிறதா, பின்னால் தொடங்குகிறதா என்று பார்த்தால் டஃப் மறைய முடியாது.

ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றியது டிசம்பரின் பெரிய பிழை. தலை, அடிப்பாகம், லாஃப்ட், ஷாஃப்ட் நான்கும் ஒன்றாக மாறின. எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று பிரிக்கவே முடியவில்லை. அதனால் இப்போது ஒவ்வொன்றாக.

முதலில் பழைய பிளேடு 7 அயர்னில் ஷாஃப்டை மட்டும் மாற்றினேன். 130 கிராமுக்குப் பதில் 105. முப்பது பந்தில் டோ அடி 17-இலிருந்து 11-ஆகக் குறைந்தது. தலை அதே பிளேடு. பழியில் ஒரு பெரிய பங்கு எடையுள்ள ஷாஃப்டுக்குப் போக வேண்டியிருந்தது.

இதைப் பார்த்த பிறகுதான் பழைய ஸ்கோர் கார்டுகளை எடுத்து ஹோல் வாரியாகக் கூட்டினேன். குறைவாக விழுந்த 49-இல் 26 ஷாட்கள் 13 முதல் 18 வரையுள்ள ஆறு ஹோல்களில் விழுந்தவை. மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் அவர் கை தளர்ந்திருக்கிறது. அது ஷாஃப்டின் எடையாலா சென்னை வெயிலாலா என்று இந்தக் கணக்கால் சொல்ல முடியாது. ஆனால் அக்டோபரிலேயே கூட்டியிருந்தால் ஷாஃப்டைத்தான் முதலில் தொட்டிருப்பேன்.

அடுத்து அடிப்பாகம். அகன்ற செட், நடுத்தர அகலமுள்ள சிறிய கேவிட்டி ஒன்று, பிளேடு. மூன்றையும் அதே 105 கிராம் ஷாஃப்டில் காய்ந்த தரையில் அடித்தார். அகன்றது துள்ளியது, பார்த்ததுதான். சிறிய கேவிட்டியின் அடிப்பாகம் ஒல்லியாக, முன்விளிம்பு சற்று மழுங்கலாக இருந்தது. அது துள்ளவும் இல்லை, தோண்டவும் இல்லை. டோ அடியில் பிளேடைவிட ஆறேழு யார்டு கூடுதலாகக் காப்பாற்றியது.

எதிர்பார்க்காதது 9 அயர்னில் வந்தது. அந்த நீளத்தில் அவருக்குப் பிளேடும் கேவிட்டியும் ஒன்றாகத்தான் இருந்தன. குட்டை ஷாஃப்டில் பந்தை நடுவில் சந்திப்பது எளிது. நடுவில் பட்ட பந்துக்குக் குடைவு எதுவும் செய்வதில்லை. தூரத்தில் பிளேடு இன்னும் சீராக இருந்தது. பத்துப் பந்தில் எட்டு, ஐந்து யார்டு வட்டத்துக்குள்.

இரண்டாவது முடிவு

நான்கு வழிகள் இருந்தன. பழைய செட்டுக்கே முழுதாகத் திரும்புவது, அகன்ற செட்டை வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் மட்டும் அதில் ஆடுவது, சிறிய கேவிட்டியில் முழுச் செட் வாங்குவது, கலப்பது. இரண்டாவது வழியைக் கேடி சிபாரிசு செய்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாத் தூரத்தையும் மறுபடி கற்க வேண்டும் என்பதால் நான் தடுத்தேன்.

கலப்பு என்று முடிவானது. 5, 6, 7 சிறிய கேவிட்டியில், 7-இன் லாஃப்ட் 33 டிகிரி. 8, 9, பிட்சிங் வெட்ஜ் பழைய பிளேடுகள். 39 டிகிரியில் இருந்த பிளேடு 8-ஐ 38-க்கு வளைத்தேன். அதற்குத் தகுந்தபடி 9 அரை டிகிரி நிமிர்ந்து 42.5 ஆனது, பிட்சிங் வெட்ஜ் 47 அப்படியே. அதன் பிறகு அவரிடம் ஏற்கனவே இருந்த 52, 56. பள்ளம் அடைபட்டது. லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும் என்பதால் 8 அயர்ன் மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டக்கூடும் என்று முன்பே எச்சரித்தேன். ஆறுக்கும் ஒரே ஷாஃப்ட்.

அகன்ற செட்டை விற்றதில் போட்ட பணத்தில் பாதி கூடத் திரும்பவில்லை. அந்த இழப்பில் என் ஆலோசனைக்கும் பங்கு உண்டு என்பதால் வளைப்பதற்கும் ஷாஃப்ட் மாற்றியதற்கும் கூலி வாங்கவில்லை.

இதோடு கேடி ஒரு நிபந்தனை போட்டார். எண்ணைக் கேட்காமல் அவர் நீட்டும் கிளப்பை சார் வாங்கி அடிக்க வேண்டும். 148 யார்டு என்றால் 6 அயர்ன்தான் கையில் வரும். முதல் மூன்று ஆட்டத்தில் இதற்காக வாக்குவாதம் நடந்ததாகக் கேள்வி.

அதன் பிறகு

ஒப்பிடுவதற்கு அடுத்த செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருந்தோம். தரை ஒரே மாதிரி இருந்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு. மறுபடி பத்து ஆட்டம், கார்டின் பின்பக்கம், அதே கோடுகள். 84 ஷாட்களில் குறைவாக விழுந்தவை 31. கடைசி ஆறு ஹோல்களில் 12. வலப்பக்கம் போவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. டிசம்பரில் இண்டெக்ஸ் 12.2.

இதில் எவ்வளவு கேவிட்டியால், எவ்வளவு ஷாஃப்டால், எவ்வளவு கேடி ஒரு படி தூரமாகப் போகும் கிளப்பை எடுத்துக் கொடுத்ததால்? என்னால் பிரிக்க முடியவில்லை. அடித்துச் சொல்லச் சொன்னால் கேடிக்குத்தான் பெரிய பங்கு தருவேன். ஆட்டக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். 8 அயர்ன் நவம்பர் மழையில் நான்கைந்து முறை தோண்டியது. அதை இரண்டாவது முறை வளைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மறுபடி செய்தால்

புல்லில்தான் தொடங்குவேன், அதுவும் ஆட்டக்காரர் வருடத்தில் அதிக நாள் நிற்கும் புல்லில். சென்னைக்காரருக்கு ஏப்ரல் தரையும் டிசம்பர் தரையும் இரண்டு வேறு மைதானங்கள். ஒன்றில் மட்டும் சோதித்துச் செட் வாங்கக் கூடாது. மேட் தவிர வேறு இடம் இல்லையென்றால் முகத்தில் பவுடர் தடவி எங்கே படுகிறது என்பதை மட்டும் அதில் பார்ப்பேன், அடிப்பாகத்தைப் பற்றி மேட்டிடம் எதையும் கேட்க மாட்டேன்.

கடையில் வரும் டெமோ கிளப்பின் லாஃப்டை அளக்காமல் அதன் தூரத்தைப் பேச மாட்டேன். ஒரு முறைக்கு ஒன்றைத்தான் மாற்றுவேன், முதலில் ஷாஃப்ட். ஹேண்டிகேப் எண்ணைப் பார்த்து "இவருக்குக் கேவிட்டி" என்று முடிவெடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். 13.8 என்ற எண்ணுக்குள் டோவில் அடிப்பவரும் இருக்கிறார், டஃப் அடிப்பவரும் இருக்கிறார். டோவில் அடிப்பவருக்குக் குடைவு உதவும். டஃப் அடிப்பவருக்கு அடிப்பாகமும் அவர் காலுக்குக் கீழே உள்ள மண்ணும்தான் பேச வேண்டிய விஷயம். இவரிடம் இரண்டும் இருந்தன, நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

கேடியிடம் ஸ்கோர் கார்டு கொடுத்த அன்றே அவருடைய கருத்தையும் கேட்டிருக்க வேண்டும். கோடு போடும் வேலை மட்டும் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து ஊட்டி மழையைப் பற்றி அவராகக் கேட்க வேண்டியிருந்தது.

பிளேடு செட்டில் மிஞ்சிய 3 முதல் 7 வரையுள்ள ஐந்தும் இப்போது கேடியின் மகனிடம் இருக்கின்றன. பையனுக்குப் பதினாலு வயது, இன்னும் உயரம் வரவில்லை. 7 அயர்னின் லையை, அதாவது ஷாஃப்ட் தரையோடு சேரும் கோணத்தை, இரண்டு டிகிரி தட்டையாக்கித் தரச் சொல்லி அப்பாவும் பிள்ளையும் போன வாரம் வந்தார்கள். திங்கட்கிழமை காலை மைதானத்தின் காய்ந்த பக்கத்தில் அவன் இருபது பந்து அடிப்பதைப் பார்த்துவிட்டு வளைக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.